பூனைக்குப் பின்னால் ஒரு கோப்பை

கழுவிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறார் மனிதர். உதடு முணுமுணுக்கிறது. தன் பிறந்த தேதியை ஐந்தால் வகுத்து, மீதி என்ன வருகிறதோ அந்த எண் எழுதிய கொக்கியில் கோப்பையை மாட்டுகிறார். பிறந்த தேதி நேற்றும் அதேதான், நாளைக்கும் அதேதான். ஆனாலும் தினமும் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "நம்பிக்கை வேற, கணக்கு வேறக்கா" என்பார்.

அவர்கள் சமையலறைச் சுவரில் பூஜ்யம் முதல் நான்கு வரை ஐந்து கொக்கிகள். வீட்டில் இருப்பது அவர், மனைவி, மகள், ஒரு பூனை. அவருக்கும் மனைவிக்கும் மீதி ஒரே எண்ணாக வந்து தொலைத்ததால் இருவர் கோப்பையும் ஒரே கொக்கியில் இடித்துக்கொண்டு தொங்கும். பக்கத்தில் இரண்டு கொக்கிகள் சும்மா கிடக்கும். ஒன்றை அங்கே மாட்டினால் குடியா முழுகிவிடும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அப்புறம் தேட வேண்டிவருமாம். மூன்று கோப்பைகளைத் தேடுவதற்குத்தான் இத்தனை ஏற்பாடு! பூனையின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால், அது வீட்டுக்குள் நுழைந்த தேதியை வகுத்து அதன் கிண்ணத்துக்கும் ஒரு கொக்கி ஒதுக்கியிருக்கிறார். மாட்டுவதற்காகக் கிண்ணத்தின் விளிம்பில் ஓட்டை போட்டவரும் அவர்தான்.

நான் இவருக்கு எதிர்வீடு, அலுவலகத்தில் எதிர்மேஜை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த மனிதர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. மருத்துவமனைகளில் நோயாளிகளை வரிசையாகக் கூப்பிடுகிற புரோகிராமை எழுதுவது எங்கள் வேலை. காத்திருக்கிறவர்களுக்குப் பொறுமை ஏது? ஒரே ஆள் பொத்தானை நாலு தடவை அமுக்குவார். எத்தனை தடவை அமுக்கினாலும் அவர் பெயர் ஒரே ஒருமுறைதான் ஏற வேண்டும். முதலில் வந்தவர் முதலிலேயே நிற்கவும் வேண்டும். இதற்கென்று ஒரு 'செட்' உண்டு. பெயரைக் கணக்குப் போட்டு ஒவ்வொருவரையும் ஓர் அறையில் வைக்கும். கூடவே முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வைக்கும். இந்தக் கைப்பிடி இல்லாத சாதாரணச் செட்டைப் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் மாற்றிப் போட்டுவிட்டார். அன்று கடைசியாக வந்த பல்வலிக்காரரை அது முதலில் கூப்பிட்டுவிட, காலையிலிருந்து காத்திருந்தவர்கள் அவருடைய மற்றப் பற்களையும் கழற்றப் பார்த்தார்களாம். அன்றைக்குப் பிடித்த பித்துதான் இவருடைய சமையலறைச் சுவர் வரை வந்து நிற்கிறது.

அந்தக் கைப்பிடிக்குப் பதிலாக வீட்டில் ஒரு சிவப்பு நூல். சுவரில் அடித்த ஓர் ஆணியில் தொடங்கி, ஒவ்வொரு கோப்பைக்கும் கொக்கியில் ஒரு வளையம் போட்டபடி ஓடும். யார் முதலில் அந்த வீட்டுக்கு வந்தார்களோ அந்த வரிசை. அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறியவள் அவர் மனைவி. கல்யாணம் முடிந்து இவர் பெட்டியோடு வந்து சேர்ந்தார். பிறகு மகள். பிறகு பூனை. காலையில் காப்பியோ பாலோ நூல் போகிற வழியில்தான் ஊற்றப்படும். குடிக்க எடுத்தால் வளையம் அப்படியே காத்திருக்கும். கோப்பை வீட்டை விட்டே வெளியே போனால் மட்டும் வளையத்தை அவிழ்த்து, முன்னாலிருப்பதையும் பின்னாலிருப்பதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார். திரும்பி வந்தால் கடைசி இடம். மகள் ஒருமுறை ஓவிய வகுப்புக்குத் தன் கோப்பையைக் கொண்டுபோய்விட்டு வந்தாள். அன்றிலிருந்து பூனை குடித்த பிறகுதான் அவளுக்குப் பால். பூனைக்கு வந்த மிதப்பைப் பார்க்க வேண்டுமே!

அலுவலகத்தில் இவருக்குப் பட்டப்பெயர் 'இருக்கு'. சொன்னதையே யாராவது இரண்டாவது முறை சொன்னால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இருக்கு" என்பார். ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, மறுபடி வேண்டாம் என்று அர்த்தம். மேலாளர் தன் பழைய வேலையின் பெருமையை மறுபடி எடுத்தால், இருக்கு. நான் என் முதுகுவலியைச் சொன்னால், இருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலி தினமும் புதிதாகத்தானே வருகிறது, ஐயா?

இதே வார்த்தைதான் அவர் வீட்டில் வெடித்தது. அவர் மனைவி எனக்குத் தங்கை மாதிரி. செருப்புக்கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் கால்களைப் பார்த்துவிட்டு வருபவளுக்குச் சாயங்காலம் யாரிடமாவது வாய் திறந்து சொல்லவேண்டும் போலிருக்காதா? கடையிலிருக்கிற எல்லாச் செருப்பையும் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய செருப்போடு போன ஓர் ஆளைப் பற்றி ஆரம்பித்திருக்கிறாள். "இருக்கு" என்றாராம். நேற்றுச் சொன்னது வேறு ஆள், இவர் வேறு ஆள் என்று விளக்கியிருக்கிறாள். ஆள்தான் வேறு, கதை ஒன்றுதான் என்றாராம். அவ்வளவுதான். இரண்டு புடவை, பல்விளக்கும் பிரஷ், தன் கோப்பை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

போனதுகூடப் பெரிதில்லை. அதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான் இன்னும் வாசலக்கூட தாண்டலக்கா. அதுக்குள்ள என் வளையத்த அவுத்துட்டு, அவரோடத ஆணியில முடிச்சுப் போட்டுட்டாரு. இனிமே முதல் காப்பி அவருக்காம்."

அடப்பாவி மனுஷா என்று எனக்கே கை பரபரத்தது. மறுநாள் அலுவலகத்தில் போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மனிதர் எதிர்த்துப் பேசவில்லை. கை பழக்கத்தில் முடிச்சுப் போட்டுவிட்டதாம். முதல் காப்பியை ஊற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆறிப்போனதைத் தொட்டியில் கொட்டினாராம். அந்தக் கொக்கியில் தன் கோப்பை மட்டும் ஆடாமல் தொங்குவதைப் பார்க்க முடியாமல் சமையலறை விளக்கையே போடுவதில்லையாம். பாவமாகத்தான் இருந்தது. அவளைக் கூப்பிட்டு, பழையபடி முதலிலேயே வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன்.

"முன்னாடி நுழைக்க வழியே கிடையாதுக்கா. போயிட்டு வந்தா கடைசிதான்" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. கண்ணீர் வந்தாலும் விதி விதிதான்! இந்த ஜென்மத்தை எதில் சேர்ப்பது?

அவளிடம் போய்ச் சொன்னேன். பூனைக்கும் பின்னால் நிற்க வேண்டுமென்றால் தான் வரப்போவதே இல்லை என்று ஒரே போடாகப் போட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இந்தச் சுவர் ஒரு குடும்பத்தையே பிரித்துவிடும் போலிருக்கிறதே! அவள் சொன்னதை அப்படியே இவர் காதில் போட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பை எடுக்க அவள் வந்தாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். செருப்பை எடுத்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கோப்பை அவள் பையில்தான் இருந்தது. அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

சமையலறையில் சுவர் மொட்டையாக இருந்தது. ஐந்து கொக்கிகளும் காலி. ஆணியில் நூல் இல்லை. மகளுடைய கோப்பையும் பூனையின் கிண்ணமும் மேஜைமேல். மகள் பூனையை இடுப்பில் இடுக்கியபடி நின்றாள். மனிதர் சிவப்பு நூலை உருண்டையாகச் சுற்றிக் கையில் வைத்திருந்தார். இன்னொரு கையில் அவருடைய கோப்பை.

"மொத்தத்தையும் காலி பண்ணிட்டேன். இப்ப இந்த வீட்ல யாருமே இல்ல. நீ முதல்ல வா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பையிலிருந்து கோப்பையை எடுத்தாள். எந்தக் கொக்கி என்று கணக்கெல்லாம் போடவில்லை, நேராக அதன் இடத்தில் மாட்டினாள். அவர் நூலின் நுனியை ஆணியில் கட்டி, அங்கிருந்து இழுத்து வளையம் போட்டார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

அடுத்து மகள் மாட்டினாள். பூனைக்கு முன்னால் வந்துவிட்ட சந்தோஷத்தில் அதன் காதிலேயே அதைச் சொன்னாள். அப்புறம் பூனையின் கிண்ணம். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை, செருப்பை எடுக்க வந்ததையே மறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்து கடைக்கு ஒருத்தர் வந்தாரு. எல்லாச் செருப்பையும் போட்டுப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தாள்.

எனக்குத் திக்கென்றது. அதே கதை! வேண்டுமென்றேதான் ஆரம்பிக்கிறாள். மனிதரின் வாய் தானாகத் திறந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது, பிறகு மெதுவாக மூடியது. ஒரு முக்காலியைக் காலால் இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல எந்தக் கால்ல போட்டுப் பாத்தாரு?" என்று கேட்டார்.

அவள் இடது காலிலிருந்து தொடங்கினாள். கதை நெடுநேரம் ஓடியது. கடைசியாக மாட்ட வேண்டிய தன் கோப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.