ஐந்து கோப்பைத் தண்ணீர்

மலாயாவின் சுதந்திரத் தேதியை அறிவித்த வருஷம் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு என் கணவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. அவர் பஸ் கண்டக்டர். புக்கிட் ரம்பாய் லைனில் ஒன்பது வருஷம். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவருக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று இருவருமே விட்டுவிட்டோம். மாலையில் வீங்கும், விடிந்தால் வடிந்துவிடும். பிறகு விடிந்தும் வடியவில்லை. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. சப்பாத்து காலில் ஏறவில்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அவருக்கு உதவியாளராக இருந்த டிரஸ்ஸர் தமிழில் சொன்னார். இருதயம் பலவீனமாகிவிட்டது, அதனால் உடம்பில் நீர் தங்குகிறது. வாரம் ஓர் ஊசி, தினம் ஒரு மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும், களைக்காமல் கொஞ்சம் நடக்க வேண்டும். டிரஸ்ஸர் ஐம்பதை நெருங்கியவர். மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

வருஷப் பிறப்பன்று காலையில் என் கணவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். இனி உப்பே கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர். காலையில் டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செமாபோக் வரை நடை, மாலையிலும் அதே. ஒரே மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்றார். அவருக்கு எல்லாமே அப்படித்தான். கருவாடு என்றால் தட்டு நிறைய, தேத்தண்ணி என்றால் பெரிய கிளாஸ், இப்போது விரதமும் அப்படியே.

மூன்றாம் நாள் மதியம் குசினியில் குடத்தோடு சேர்த்து அவரைப் பிடித்தேன். வாய் வைத்தே குடித்துக்கொண்டிருந்தார். அழுதார். அன்று மாலை டிரஸ்ஸரைக் கூப்பிட்டுக் காலண்டர் தாளைக் காட்டினேன்.

"தம்பி, இத சாமியார் கூட செய்ய மாட்டாரு" என்றார் அவர். "முடியாதத எழுதினா மூணாம் நாளு ஒடையும். ஒடைஞ்சதும் எல்லாத்தையும் விட்டுருவீங்க. முடியிறத எழுதுங்க."

பென்சிலை வாங்கி அவரே எழுதினார். சட்டியில் உப்புப் போடக் கூடாது, தட்டோரத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்ளலாம். தேத்தண்ணி, ரசம் எல்லாம் சேர்த்து ஐந்து கோப்பை. நடை, சந்து முனையில் இருக்கும் முதல் விளக்குக் கம்பம் வரை. வாரத்துக்கு ஒரு கம்பம் கூட்டலாம். மூச்சு வாங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

"ஒரு கம்பமா? சின்னப் புள்ள நட" என்று என் கணவர் முணுமுணுத்தார்.

"அந்தச் சின்னப் புள்ள நட மொதல்ல வரட்டும் தம்பி."

அளக்கிற வேலை என்னுடையதானது. வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றை அதற்கென்று வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்த செட்டி இனத்தவள், தமிழ் வராது. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். உப்பில்லாமல் மீன் இறங்கவில்லை என்று நான் சொன்னதும் தன் வீட்டு லிமாவ் காஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பறித்துவந்து, மீனில் பிழிந்து, இஞ்சி தட்டிப் போட்டு வேகவைத்துக் காட்டினாள். அன்று அவர் தட்டோர உப்பைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கணுக்காலைச் சுற்றி நூல் வைத்து அளந்து முடிச்சுப் போடுவேன். முதல் வாரம் மாற்றமில்லை. இரண்டாம் வாரம் முடிச்சு ஒரு விரற்கடை உள்ளே வந்தது. ஐந்தாம் வாரம் சப்பாத்து காலில் ஏறியது. தலையணை ஒன்றானது. ஐந்தாவது கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவந்து, சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். பகல் வேளை, கதவு திறந்திருந்தது. இருந்தும் கட்டிக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்காதது அவரில்லை, நான்.

மாதக் கடைசிக்குள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் லண்டனுக்குப் போன தலைவர்கள் திரும்பி வருகிறார்கள், மலாக்கா பாடாங் திடலில் சுதந்திரத் தேதியைச் சொல்லப் போகிறார்கள் என்று ஊரே கிளம்பியது. அவருக்கும் போக ஆசை.

"பஸ்ல போயிடலாமா?" என்று கேட்டார்.

"நடந்தே போவோமே. வழியில ஒங்க டெப்போ ஆளுங்க பாப்பாங்க. மனுஷன் தேறிட்டாருன்னு அவங்களுக்கும் தெரியட்டும்" என்றேன்.

அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம். கம்பங்களை எண்ணவே இல்லை. போகும்போது நன்றாகத்தான் நடந்தார். டிரைவர் ஒருவர் கைதட்டி, "வா லா, லைன் ஒனக்காகக் காத்துக் கெடக்கு" என்று கத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. திடலில் உட்கார இடமில்லை. வெயிலில் நின்றோம். கூட்டம் சுதந்திரத்தை மலாயில் மெர்டேக்கா என்று கத்தியபோது அவரும் கையை உயர்த்தினார். குரல் வரவில்லை.

பக்கத்தில் சிரப்புத் தண்ணீர் விற்றார்கள். "ஒரு கிளாஸ் குடிக்கட்டுமா?" என்றார்.

"வீட்டுலயே மூணு ஆயிருச்சு. இது பெரிய கிளாஸ், ரெண்டு கோப்பைக்கு வரும். அப்பறம் ராத்திரிக்கு என்ன பண்ணுவீங்க?" என்றேன். நடையில் எல்லையை மீறவைத்த அதே ஆள், தண்ணீரில் ஒரு சொட்டு விடவில்லை.

திரும்பும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் உதடு நீலம் பாரித்திருந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் அவரைக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் முதுகைப் பிடித்தபடி வந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டு நாளில் வீக்கம் தொடை வரை ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் தண்ணீர் அளந்துதான். நான் பக்கத்திலேயே இருந்ததால் நர்ஸ் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டாள். ஈரத் துணியால் உதட்டைத் துடைப்பேன், துணியை உறிஞ்சுவார். ஒன்பதாம் நாள் மதியம் கண்ணைத் திறந்து கேட்டார்.

"அஞ்சும் ஆயிருச்சா, புள்ள?"

"ஆயிருச்சுங்க" என்றேன்.

ஆகவில்லை. ஒன்று மீதமிருந்தது. இரவில் தாகம் அதிகமாக இருக்கும், அப்போது கொடுக்கலாம் என்று அலமாரிக்குப் பின்னால் மூடி வைத்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு மணிக்கு மூச்சு நின்றது.

அடுத்த வருஷம் மெர்டேக்கா வந்தபோது நான் அதே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் துணி மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில் டிரஸ்ஸரை நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு நடக்க வச்சதுதானே? நான்தானே?"

அவர் மடித்த விரிப்பு ஒன்றை எடுத்து மறுபடி மடித்தார். "நடக்காட்டியும் அந்த இருதயம் எவ்வளவு நாளு ஓடியிருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. டாக்டருக்கும் தெரியாது."

அந்தக் கடைசிக் கோப்பையைப் பற்றியும் கேட்க வாயெடுத்தேன். வார்டிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். பிறகு கேட்கத் துணியவில்லை. அன்று சொன்னதை இரக்கப்பட்டுச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் கண்ணை மூடி வெகுகாலமாகிவிட்டது.