டாக்டர் படித்து வந்த வெயில்

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓட்டுவது என் வேலை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது.

போன சித்திரையில் அங்கே டாக்டர்களுக்குப் பயிற்சி நடந்தது. பூமி சூடாகி வருகிறதாம், வெயிலால் வரும் வியாதிகளைக் குடும்ப டாக்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்காக ஏசியைக் குளிரக் குளிர வைத்திருந்தார்கள். கரண்ட் போனதும் நான் டீசல் ஊற்றிப் புகையைத் தெருவுக்கு விட்டு அவர்களைக் குளிர்வித்தேன்.

எங்கள் ஊர் டாக்டரும் வந்திருந்தார். எந்த நோவுக்கும் ஊசி போடுகிறவர். சொல்லிக்கொடுக்க வந்த அம்மா, ஒருவர் நோயாளியாக நடியுங்கள் என்றதும் இவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார். “சாமி, கிறுகிறுன்னு வருதுங்க, ஒரு பாட்டில் ஏத்திவுடுங்க” என்று இழுத்தார். மண்டபமே சிரித்தது. இத்தனை வருஷம் எங்களைப் பார்த்ததில் அவர் கற்றது அந்த இழுவைதான்.

காட்டு வேலை செய்யும் பெண்களைத் தனியாக வைத்து விசாரியுங்கள், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வலி ஊசி போட்டால் சிறுநீரகம் கெடும் என்று அந்த அம்மா சொன்னார். இவர் தலையாட்டினார். பிரியாணி வாசம் வந்ததும் இன்னும் வேகமாக ஆட்டினார்.

மறுவாரம் என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குன்னம் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கப் போகிறவள். சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் எரிச்சலோடு போகிறது என்றாள். பயிற்சிக்குப் போய் வந்தவராயிற்றே என்று அவரிடமே கூட்டிப்போனேன்.

நேரம் மிச்சமாகும் என்று அடுத்த ஆட்களை அறைக்குள்ளேயே பெஞ்சில் உட்கார வைப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அந்த பெஞ்சில் அவள் கூலிக்குப் போகும் வெங்காயக் காட்டுக்காரரும் இருந்தார்.

“தண்ணி குடிக்கிறியாம்மா?”

“குடிக்கிறங்க.”

“நல்லா?”

“கொடம் கொடமா குடிக்கிறங்க.”

“காட்டுல கேன்லயே வாங்கி வச்சிருக்கேன் சார்” என்றார் காட்டுக்காரர்.

கேன் இருந்தது. மறைவுதான் இல்லை. வேலி மரங்களை வெட்டிக் கம்பி கட்டிவிட்டார். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் வீடு திரும்பும்வரை நாக்கை நனைப்பதோடு சரி. அவர் முன்னால் இதை எப்படிச் சொல்வாள்?

“அப்ப தண்ணி பிரச்சினை இல்ல. இடுப்பு வலிக்கு ஊசி போட்டுருவோம்” என்று சிரிஞ்சை எடுத்தார் டாக்டர்.

நான் குறுக்கே கை நீட்டினேன். “ஊசி வேணாங்க சார். மண்டபத்துல அந்தம்மா சொன்னாங்கல்ல...”

“அட, நம்ம ஜெனரேட்டரு! டாக்டருக்குப் படிச்சிட்டு வந்திருக்காருப்பா. எல்லாரும் இவருகிட்டயே காட்டிக்குங்க.”

பெஞ்சு குலுங்கியது. மனைவி சேலையைச் சரிசெய்து எழுந்தாள். “வாங்க, போவலாம்.”

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அங்கேதான் அவள் உண்மையைச் சொன்னாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது, ஆனால் மீண்டுவிடும் என்றார்கள். “வெளியில வலி ஊசி எதுவும் போட்டீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். “தப்பிச்சீங்க” என்றார்.

உடம்பு தேறிக் காட்டுக்குப் போன அன்றே மனைவி காட்டுக்காரரிடம் கேட்டாள். “ஏங்கய்யா, நாலு தகரம் வச்சு ஒரு மறப்பு கட்டிக்குடுங்க. ஒண்ணுக்குப் போவணும்.”

“இதெல்லாம் ஒரு பொம்பள பேசுற பேச்சா?”

“அப்ப நீங்களே புடுங்கிக்குங்க.”

எல்லாப் பெண்களும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பிடுங்கிப் போட்ட வெங்காயம் அப்படியே வெயிலில் கிடந்தது. உச்சிவேளைக்குள் தகரம் வந்து இறங்கியது. ஆட்கள் வாடினால் பொறுக்கிறவர், வெங்காயம் வாடினால் பொறுக்கமாட்டார்.