நானாவின் ரிப்போர்ட்டும் ஒரு டின் வட்டிலாப்பமும்

சென்ற செவ்வாய்க்கிழமை நானாவுடன் தெல்தெனியவிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானா என் மூத்த சகோதரர், புடைவைக் கடைக்காரர். சில வருடங்களாக அவருக்கு இரத்தப் புற்றுநோய். தினமும் விழுங்கும் ஒரு குளிசையில் நோய் அடங்கிக் கிடக்கிறது. நோய்க்குக் காரணமான கோளாறுள்ள மரபணு, குளிசையால் மறைந்து, முந்தைய சில பரிசோதனைகளில் தட்டுப்படவே இல்லை. இம்முறையும் தெரியாவிட்டால் குளிசையை நிறுத்திப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் இந்தப் பயணம்.

ஆறரை பஸ். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம் என்பார்கள், பாடசாலை நாளில் நம்பாதீர்கள். திகன வரை நல்ல காற்று, அதன்பிறகு புகைதான். என் மடியில் ஒரு டின்னில் தாதிமாருக்கான வட்டிலாப்பம். முடிவு வருமுன்னே இனிப்பு அவித்த அவசரக்காரி நான்!

"ஒண்டும் தின்னலயா நானா?"

"ரத்தம் எடுப்பாங்களே. வெறும் வயித்துல போறதுதான் நல்லம்."

வெறும் வயிற்றில் குமட்டும் என்று அன்றைய குளிசையையும் அவர் குடிக்கவில்லை.

டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "கொஞ்சம் திரும்பத் தெரியுது. குளிசைய இடையில விட்டீங்களா?"

நானா நிலத்தைப் பார்த்தார். "நோன்பு மாசம் மட்டும், டொக்டர். காலைல குடிக்கிற குளிசை. விடியமுன்ன சஹர்ல குடிச்சா குமட்டிச் சத்தி வருது. நோன்பு முறிஞ்சிருமோன்னு பயம்."

"நோன்பு தொறந்து சாப்பிட்டதும் குடிச்சிருக்கலாமே? நேரத்த மாத்தலாம். குளிசைய விடக் கூடாது."

ஒரு மாதம் முழுக்க ஒரே வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்தும் எனக்கு இது தெரியாது. கோபம்தான் முதலில் வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

ஒழுங்காகக் குடித்தால் மறுபடி மறையலாம் என்றார் டொக்டர். சில வருடங்கள் மறைந்தே இருந்தால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாமாம். நிறுத்தினாலும் பரிசோதனை தொடரும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. அன்று இரத்தம் எடுக்கவே இல்லை.

போகிறவர்களுக்கு: இந்த மரபணுப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. நோன்போ விரதமோ, குளிசை நேரத்தை முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தால் ஏறுமுன் விலை பேசுங்கள்.

வட்டிலாப்பத்தை யாருக்கும் கொடுக்காமலே திரும்பினோம். பஸ்ஸில் நானா கையை நீட்டினார். "அந்த டின்னத் தா."

"எதுக்கு? கொண்டாட ஒண்டுமில்லயே."

"சாப்பிட்டுட்டுத்தானே குளிசை குடிக்கணும்."

மூன்று துண்டு தின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த குளிசையை எடுத்து, என் கண்முன்னேயே தண்ணீரோடு விழுங்கினார்.