சத்தமில்லாத கோ

எங்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஆள் போடுவார்கள், போடுவார்கள் என்று வருஷக்கணக்கில் காத்துச் சலித்துப்போன தலைமையாசிரியை சிஸ்டர், ஒரு ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை விசிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் உயிரியல் டீச்சர். ஸ்டாஃப் ரூமில் ஒல்லியாக இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதைத் தவிர அந்த விசிலுக்கும் எனக்கும் வேறு பொருத்தம் கிடையாது. “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்று கணக்கு டீச்சர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அத்தனை வருஷமும் போர்ஷன் முடிக்கவில்லை என்று சொல்லி பி.டி. பீரியடையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டவர் அவர்தான். அவரிடமிருந்து ஒரு பீரியடையாவது பிடுங்க வேண்டும் என்ற வீம்பில்தான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மர்பி டவுன் பக்கத்தில் இருக்கிற எங்கள் பள்ளிக்கு மைதானம் என்று தனியாக எதுவும் இல்லை. பள்ளிக்கும் சர்ச்சுக்கும் நடுவில் ஒரு மண் முற்றம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஸ்கூட்டர்கள் நிற்கும்; மற்ற நாள்களில் அது எங்களுக்கு. அதன் இரண்டு முனையிலும் யாரோ ஒரு காலத்தில் நட்டுவைத்த இரண்டு கம்பங்கள் இருந்தன. பள்ளி விட்டபின் ஒரு கூட்டம் பெண்கள் அங்கே கோ-கோ ஆடிக்கொண்டிருப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து ஆடியவர்கள் இல்லை. பெரிய வகுப்புப் பெண்களைப் பார்த்துச் சின்ன வகுப்புப் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள், அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோ-கோவும் தெரியாது. அந்தப் பெண்கள்தான் விளக்கினார்கள். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் துரத்துவாள். தப்பி ஓடுகிறவள் வரிசைக்கு நடுவே நுழைந்து நுழைந்து ஓடலாம். துரத்துகிறவள் நுழையக் கூடாது. அவளால் முடிந்ததெல்லாம், குந்தியிருப்பவளின் முதுகைத் தொட்டு “கோ” என்று சொல்லி அவளை எழுப்பிவிட்டு, தான் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவதுதான். எழுந்தவள் அந்தப் பக்கமாகத் துரத்துவாள்.

இவர்கள் ஆடுவதை முதலில் பார்த்தபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவ்வளவு பேர் ஓடுகிறார்கள், ஒரு சத்தம் இல்லை. கால்கள் மண்ணில் படும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், அவ்வளவுதான். வகுப்பில் ஒரு நிமிஷம் வாயை மூட வைப்பதற்குள் நம் தொண்டை வறண்டுவிடும்; அதே பெண்களா இவர்கள் என்று இருந்தது. காரணம் கேட்டேன். சாயங்காலம் சர்ச்சில் ஜெபமாலை, அது முடிந்ததும் பூசை. எப்போதோ ஒரு முறை யாரோ கத்தியதற்கு, இனி சத்தம் கேட்டால் விளையாட்டே கிடையாது என்று அப்போதைய சிஸ்டர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து கோவைச் சொல்லாமல் கொடுக்கப் பழகிவிட்டார்கள். தோள்பட்டைக்குக் கீழே ஒரு தட்டு, உதடு மட்டும் அசையும். அந்தச் சிஸ்டர் மாற்றலாகிப் போய் எத்தனையோ காலமாகியும் வழக்கம் மட்டும் போகவில்லை. எனக்கோ அது அழகாக இருந்தது. ஆட்டமே இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அணியின் கேப்டன் பத்தாவது படிக்கிற பெண். உயரம் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. ஆனால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிற வேகத்தில் பாவாடையும் அவளும் தனித்தனியாகத் திரும்புவது போல இருக்கும். அவள் அப்பாவுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. விடிவதற்கு முன் கிளம்பி இருட்டியபின் திரும்புகிற மனிதர். பத்தாவது வந்தால் பெண் பிள்ளைகள் கிரவுண்டை மறந்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அந்த வருஷம் நான் மண்டலப் போட்டிக்கு அணியை அனுப்பப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவள் அப்பாவிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

“ஜெயிச்சுக்கினே இருக்கற வரைக்கும் ஆடலாம்னாரு மிஸ். எந்த அன்னைக்கு தோக்கறமோ, அதுக்கு மறுநாள்ல இருந்து டியூஷன்.”

“தோத்ததை நீ சொல்லாம இருந்தா அவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். டீச்சர் கேட்கக் கூடிய கேள்வி இல்லைதான்.

“வாக்கு குடுத்துட்டேன் மிஸ்” என்றாள்.

ஆக, தோற்றவர் வீட்டுக்குப் போகும் போட்டியில் அந்தப் பெண்ணின் சாயங்காலங்கள் அத்தனையும் அடங்கியிருந்தன. அது எனக்குத் தெரியும், அணியில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த மழைக்காலம் முழுவதும் வெறியாக ஆடினார்கள். கணக்கு டீச்சரின் ஸ்பெஷல் கிளாஸிலிருந்து நான் அவர்களை நாளுக்கொரு பொய் சொல்லி மீட்டு வந்தேன்.

போட்டி நடந்தது நகரத்துக்கு அந்தக் கோடியில் ஒரு பெரிய பள்ளியில். சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தை எங்கள் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதித்தார்கள். எதிரணிப் பெண்கள் ஒரே மாதிரி பனியன் போட்டு, சும்மா நிற்கும்போதே குதித்துக் குதித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு டாஸ் விழுந்தது. முதலில் துரத்துகிறோம் என்றாள் கேப்டன்.

விசில் ஊதி ஒரு சுற்று ஓடுவதற்குள் அம்பயர் கையைத் தூக்கினார். ஃபவுல். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. மறுபடி ஓடினார்கள், மறுபடி ஃபவுல். ஃபவுல் விழுந்தால் துரத்துகிறவள் வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்குள் முன்னால் ஓடுகிறவள் போயே போய்விடுவாள். மூன்றாவது முறை அம்பயர் பொறுமையாகக் கன்னடத்தில் சொன்னார்: “ஜோராகி ஹேளம்மா, கேள்ஸ்தில்லா.” சத்தமாகச் சொல்லம்மா, காதில் விழவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுகைத் தொட்டால் மட்டும் போதாது. அம்பயர் காதில் விழுகிற மாதிரி சொன்னால்தான் அது கோ. எங்கள் பெண்களுக்கும் அது தெரியாத விஷயம் இல்லை, டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஓட ஆரம்பித்ததும் கை தட்டுகிறது, உதடு அசைகிறது, தொண்டை மட்டும் திறக்கவே இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று “சொல்லுங்கடி” என்று நான் கத்தினேன். “சொல்லிக்கினுதான் இருக்கோம் மிஸ்” என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அந்தத் துரத்தலில் நாங்கள் எடுத்த பாயிண்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்து அவர்கள் துரத்தினார்கள். ஒவ்வொரு கோவும் பட்டாசு மாதிரி வெடித்தது. எங்கள் பெண்கள் மிரண்டு மிரண்டு அவுட் ஆனார்கள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கக்கூட யாரும் நகரவில்லை. எட்டாவது படிக்கிற பொடிசு ஒன்று கேப்டனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. எல்லாரும் கோ சொல்லிப் பாருங்கள் என்றேன். சொன்னார்கள். நோயாளி தண்ணீர் கேட்பது மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில், போர்டில் தப்பாகப் படம் வரைந்தவர்களைத் திட்டுவது போலத் திட்ட வாயெடுத்தேன். கேப்டன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மாடியில நின்னுக்கினு தெருவுல ஆடற உங்க தம்பிய சோத்துக்குக் கூப்புடுவீங்க இல்ல? அந்தக் குரல்ல சொல்லுங்கடி. சும்னே முணுமுணுத்தா அம்பயருக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி நிஜமாகவே தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது தடவை துரத்தும்போது முதல் கோ கேப்டனுடையது. அந்தச் சின்ன உடம்புக்குள் அப்படியொரு குரல் இருந்ததை நான் அன்றுதான் கேட்டேன். அடுத்தவள் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள், அதற்கடுத்தவள் தயங்கவில்லை. பிறகு வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கோ, கோ, கோ என்று எழும்பி எழும்பிப் போயிற்று. எதிரணிப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். என்னை அறியாமல் நானும் கோ கோ என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியிலிருந்து அப்படிச் சொல்லக் கூடாதென்று அம்பயர் வந்து சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

ஆனாலும் போதவில்லை. முதலில் விட்டது மிக அதிகம். இரண்டே பாயிண்டில் தோற்றோம்.

அவள் அழவில்லை. எதிரணிக் கேப்டனிடம் போய்க் கை குலுக்கினாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மற்ற எல்லாரும் அழுதார்கள். என் கண்ணும் கலங்கியது; தூசி என்று சொல்லிச் சமாளித்தேன், யாரும் நம்பவில்லை. மறுநாள் சாயங்காலம் மற்றவர்கள் முற்றத்துக்கு வந்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா வீட்டுக்கு வருவது இருட்டிய பிறகுதான்; அவள் டியூஷன் போனாளா இல்லையா என்று பார்க்கக்கூட ஆள் கிடையாது. இருந்தும் போனாள். அவள் அப்பாவின் மேல் எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று நினைப்பவரை எப்படித் திட்டுவது?

முற்றத்தில் இப்போது சத்தமான ஆட்டம். தோற்ற வலி அப்படி. அடுத்த வருஷம் ஒரு ஃபவுல்கூட விழக் கூடாது என்று ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்திப் பழகினார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த பங்குத்தந்தை பூசைக்கு முன் என்னிடம் வந்தார்.

“டீச்சர், ஜெபமாலை சொல்ற அம்மாங்களுக்கு எண்ணிக்கை தவறிப் போகுதாம்.”

“ஃபாதர், உங்க பக்கம் மைக் இருக்கு. எங்க பக்கம் அதுவும் இல்ல” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல மனிதர், சிரித்துவிட்டார். முற்றத்துப் பக்கத்து ஜன்னல்களை மட்டும் அன்றிலிருந்து சாத்தச் சொல்லிவிட்டார்.

கேப்டன் என் வகுப்பில் முன்வரிசையில்தான் உட்கார்வாள். அந்த நாள்களில் என்னிடம் பாடத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் புண்ணைக் கிளறுகிற மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. பிறகு ஒரு காலை, மணி அடித்து எல்லாரும் வெளியே போனபின் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

“மிஸ், அந்த எய்த்து பொண்ணு கோ குடுக்காமலே ரொம்ப தூரம் ஓடறா. சீக்கிரம் குடுத்துடச் சொல்லுங்க.”

“நீ எப்ப வந்து பாத்த?”

“பாக்கல மிஸ். கேட்டுக்கினு இருப்பேன். டியூஷன் சர்ச்சுக்குப் பின்னால சந்துல, மாடியில. ஜன்னல் கிட்ட எடம் புடிச்சு வச்சிருக்கேன். கோ எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு கேட்டா போதும், யாரு எங்க ஓடறாங்கன்னு தெரிஞ்சிடும்.”

சாக்பீஸ் டப்பாவைத் திறந்து மூடினேன். அவள் போகாமல் நின்றாள். கேட்க வந்தது இன்னும் பாக்கி இருந்தது.

“நேத்து பாதியில கோவே நின்னுடுச்சே மிஸ். யாராவது விழுந்துட்டாங்களா?”

“அந்த எய்த்து பொண்ணுதான். முழங்கால் கொஞ்சம் சிராய்ச்சிடுச்சு. பெருசா ஒண்ணும் இல்ல, அதுக்குள்ள மழையும் வந்துடுச்சு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

அவள் மூச்சை விட்டாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“கோ நிக்கற வரைக்கும் டியூஷன்ல போட்ட கணக்கு எல்லாம் ரைட்டு மிஸ். அதுக்கு மேல போட்டது எல்லாம் தப்பு.”