மடியில் வந்த வேங்கை இலை

வேங்கை மரத்தின் இலையில் இருக்கும் புரதங்களைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அது சர்க்கரைக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் அதையெல்லாம் சோதிக்கவில்லை. என்னென்ன புரதம் இருக்கிறது என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. ஓர் எலிக்குக்கூட அதைக் கொடுத்ததில்லை.

கல்வராயன் மலையில் பறித்த இலையை உடனே ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சூடு பட்டால் புரதம் கெட்டுவிடும். வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். யாராவது அதன்மேல் கை வைத்தால் சண்டைக்குப் போவேன். ராத்திரி கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும். அதற்காக அம்மாவின் மாவுப் பாத்திரத்தையே வெளியே தள்ளியிருக்கிறேன். காலையில் வேண்டியதை எடுத்துக்கொண்டு சென்னை ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். மிச்சத்தை அம்மா குப்பையில் கொட்டிவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அம்மா அழுதுகொண்டே போன் செய்தாள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பா வரப்பிலேயே விழுந்துவிட்டார். ஓடி வந்து பார்த்தால் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். தினமும் சர்க்கரை மாத்திரையை நான்தானே எடுத்துக் கொடுக்கிறேன் என்று அம்மா அடித்துச் சொன்னாள்.

மறுநாள் அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. மாத்திரையை எல்லாம் கிணற்றில் போட்டுவிட்டாராம்.

"நீ கொண்டாந்த எலைய மோட்டார் கொட்டாயில கொதிக்க வச்சி குடிச்சிக்கினு இருந்தேன்" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

வெயில்கூடக் காட்டாமல் நான் காப்பாற்றிய இலையைக் கொதிக்க வைத்திருக்கிறார்! அதை மருந்து என்று உங்களுக்கு யார் சொன்னது என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"ஊருல சொல்றத நம்பி இல்லம்மா. ஐஸுல வச்சி, கொழந்தையாட்டம் மடியில தூக்கினு வந்தியே. மருந்து இல்லன்னா படிச்ச பொண்ணு இன்னாத்துக்கு அந்தப் பாடு படணும்?"

அது மருந்தா இல்லையா என்று எனக்கே தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. மகள் ஏதோ ரகசியத்தை மறைக்கிறாள் என்பதுபோல லேசாகச் சிரித்தார்.

சாயங்காலம் பக்கத்து நிலத்து மாமா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அவருக்கும் பல வருஷமாகச் சர்க்கரை. சிறிது நேரம் அப்பாவின் கட்டிலருகே நின்றுவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"எங்களுக்கெல்லாம் பங்கு குடுத்துட்டு அப்பா கம்மியா குடிச்சிட்டாரு போலக்குதும்மா. அடுத்த தபா கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துக்கினு வா. நாங்களும் மாத்திரைய நிறுத்திட்டோம்."

அவரை அங்கிருந்த பெஞ்சில் பிடித்து உட்காரவைத்துவிட்டு, நர்ஸைத் தேடி ஓடினேன்.