ஷால் கேட்ட கீழ்வீட்டம்மா

ஜெர்மனியில் என் குதிகால்கள் இரண்டின் மீதும் முறைப்பாடு இருந்தது. நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடியில், பலகைத் தரை வீட்டில். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனால், கீழ்வீட்டில் தனியாக இருக்கும் அம்மையாரின் தொங்குவிளக்கு ஆடுகிறதாம். இலங்கையில், கல்முனையில், எங்கள் தரைக்குக் கீழே வெறும் மணல்தான். அது ஒருநாளும் படியேறி வந்து கதவைத் தட்டியதில்லை.

போன மாரியில் அந்த அம்மையார் தட்டினார். நான் வேலையில். வந்து ஆறு மாதமேயான என் மனைவி ஜெஸீமாதான் திறந்தாள். அவர் நெஞ்சில் கைவைத்து, "ட்ரிட்ஷால், ட்ரிட்ஷால்" என்று அழாக்குறையாகச் சொன்னாராம். தரையில் நடக்கும் சத்தத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஜெஸீமாவின் காதில் விழுந்தது பின்பாதி மட்டும்.

"பாவம் அந்த மனிசி, குளிர் தாங்கேலாம ஷால் கேட்டு வந்திருக்கா. மருதமுனைக் கைத்தறிச் சால்வை ஒண்டு போத்தி அனுப்பினன்" என்றாள் என்னிடம்.

"அவ என்ன சொன்னா?"

"சால்வையையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. பொறகு போயிட்டா."

முறையிட வந்தவருக்குச் சால்வை போர்த்திக் கௌரவித்த குடும்பம் ஜெர்மனியில் நாங்களாகத்தான் இருக்கும்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. சால்வைக்கு நன்றி, ஆனால் சத்தம் குறையாவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லி எங்களை வீட்டை விட்டு எழுப்ப வேண்டிவருமாம். இந்த நகரத்தில் இன்னொரு வீடு குதிரைக் கொம்பு. கதிரைக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டினோம். இறப்பர் விரித்து, அதன்மேல் தடித்த கம்பளம் போட்டோம். அதுவும் போதாதென்று ஜெஸீமா எனக்கு நடை பழக்கினாள்.

"குதியக் குத்தாதீங்க. விரல முதல்ல வைங்க. ஓம், அப்பிடித்தான்."

நாற்பத்தாறு வயதில் தத்தித் தத்தி நடந்தேன். வெட்கமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரு மாதம் கழித்து அம்மையாரைப் படியில் கண்டேன். கழுத்தில் எங்கள் சால்வை. பெருவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். வீடு தப்பியது.

இந்த விடுமுறைக்கு, யாருக்கும் சொல்லாமல் கல்முனைக்குப் போனேன். என் மூத்த சகோதரி, ராத்தா, குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பியவர் பின்னால் என்னைக் கண்டதும் சட்டியைக் கீழே போட்டார்.

"அல்லாஹ்வே! ஏன்டா கள்ளன் மாதிரி வாறாய்? முந்தி நீ கேற்றத் தொறக்கக்குள்ளயே கால்சத்தம் கேக்குமே!"

சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது. அவருக்குக் கேட்கட்டுமென்று குதியை ஊன்றி, தொம் தொம்மென்று நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் கால் தானாகவே விரலுக்கு மாறிவிட்டது.