கையெழுத்துப் போடாதவர்

இன்று காலை பாண்டி முதலியார்பேட்டை டீக்கடையில் சித்தப்பாவிடம், நம் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கியிருக்கிறேன் என்றேன்.

“யார்ல இருந்து?”

“உங்க தாத்தாகிட்ட இருந்து.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “அந்தாளா? பிரெஞ்சுக்காரன் போனப்ப ஒரு கையெழுத்து போட்டிருந்தா நமக்கெல்லாம் பிரெஞ்சு நேஷனாலிட்டி. இந்நேரம் பாரீஸ்ல இருந்திருப்போம்.”

“ஏன் போடலன்னு யாராவது கேட்டீங்களா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்குது?”

“சரி, அவர் பேரு?”

யோசித்தார். “எங்கப்பா இனிஷியல் ‘வே’. வேலாயுதமோ, வேணுகோபாலோ.”

இத்தனை வருடம் திட்டியவருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை.

சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிற எங்கள் குடும்பத்தில், போடாமல் இருந்த ஒரே ஆள் அவர். என் வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்கும்.

பாரீஸ் போகாத பாண்டிக்காரர்களே, உங்கள் வீட்டில் திட்டு வாங்குகிறவரின் பெயரைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். தெரிந்தால்.